அடிபம்பும் ஒரு சிறுமியின் கேள்வியும்

"பேதியிலே போக!" என்பது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சர்வசாதாரணமான வசவு. என் பாட்டி மாட்டையும் அப்படித்தான் திட்டுவாள், பேரனையும் அப்படித்தான் திட்டுவாள். அந்த வார்த்தைக்குள்ளே ஒரு காலத்தில் எத்தனை வீடுகள் காலியாகியிருக்கும் என்று அப்போது யோசித்ததில்லை. பிழைப்புக்காகக் கல்கத்தா வந்த பிறகு, இந்த நோய்க்கென்றே வங்காளத்தில் ஓலாபிபி என்று ஒரு தேவதை உண்டு, முஸ்லிம்களும் இந்துக்களும் அவளைக் கும்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். தென்கோடியில் வசவு, இங்கே வழிபாடு. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே பயம்தான்.

இந்தப் பயத்தை மருத்துவ அறிவியல் எப்படி முதன்முதலில் எதிர்கொண்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஆசைப்பட்டேன். லேக் மார்க்கெட் பக்கத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் தமிழ் வகுப்பில், டெபோரா ஹாப்கின்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2013-இல் எழுதிய 'தி கிரேட் ட்ரபிள்' என்ற சிறுவர் நாவலை நாலு வாரம் தமிழில் கதையாகச் சொன்னேன். கதை முடிந்ததும் ஒரு சிறுமி கேட்டாள்: "அப்ப அந்தப் பம்போட கைப்பிடியக் கழட்டினதும் எல்லாருக்கும் சரியாயிடுச்சா தாத்தா?"

'ஆமாம்மா' என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். கூடவே, பிள்ளைகளுக்கு எழுதப்படும் அறிவியல் சாகசக் கதைகள் எங்கே ஜெயிக்கின்றன, எங்கே சறுக்குகின்றன என்பதைப் பற்றிய என் அபிப்பிராயமும்.

கதையும் களமும்

1854 ஆகஸ்டு கடைசி. லண்டன் மாநகரில் சோஹோ பகுதி, பிராட் தெரு. ஈல் என்ற பையன்தான் கதை சொல்கிறான். ஈல் என்றால் விலாங்கு மீன். பிடியிலிருந்து நழுவுகிறவன் என்று பெயரே சொல்லிவிடுகிறது. தேம்ஸ் ஆற்றுச் சேற்றில் கரித்துண்டு பொறுக்கிப் பிழைத்தவன், இப்போது ஒரு பீர் ஆலையில் எடுபிடி. அவன்மேல் திருட்டுப் பழி விழுகிறது. அவனுக்காகச் சாட்சி சொல்லக்கூடிய தையல்காரர் அந்த நேரம் பார்த்துக் காலராவில் படுத்துவிடுகிறார். உதவி தேடி ஓடுகிற பையன் டாக்டர் ஜான் ஸ்னோவிடம் போய்ச் சேருகிறான்.

ஸ்னோ கற்பனைப் பாத்திரம் அல்ல. 1813-இல் யார்க் நகரில் ஒரு கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். 1853-இல் விக்டோரியா மகாராணிக்குப் பிரசவ வேளையில் குளோரோஃபார்ம் கொடுத்தவர். காலரா கெட்ட காற்றால் வருகிறது என்று ஊரும் உலகமும் நம்பிக்கொண்டிருந்தபோது, தண்ணீரால்தான் வருகிறது என்று 1849-லேயே சிறுநூல் வெளியிட்டவர்.

கதையின் முதல் வெற்றி இங்கேதான். பழி சுமந்த பையனுக்குத் தன் நிரபராதித்தனத்தை நிரூபிக்க ஆதாரம் வேண்டும். டாக்டருக்குத் தன் கொள்கையை நிரூபிக்க ஆதாரம் வேண்டும். 'நான் சொல்கிறேன், நம்புங்கள்' என்றால் இரண்டு பேரையுமே யாரும் நம்பப் போவதில்லை. நிரூபணம் என்றால் என்ன என்பதைப் பாடமாக இல்லாமல் பையனின் தவிப்பாகவே ஆசிரியை காட்டிவிடுகிறார்.

விதிவிலக்கைத் தேடு

இரண்டாவது வெற்றி இன்னும் பெரியது. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, 'எந்தத் தண்ணி குடிச்சீங்க?' என்று கேட்பதில் என்ன சாகசம் இருக்கப் போகிறது? ஜனத்தொகைக் கணக்கெடுப்பு மாதிரி அலுப்பான வேலை. ஆனால் ஸ்னோ செய்த ஆராய்ச்சியின் உயிரே விதிவிலக்குகளில்தான் இருக்கிறது. பம்புக்குப் பக்கத்தில் இருந்தும் சாகாதவர் யார்? தூரத்தில் இருந்தும் செத்தவர் யார்?

பம்புக்கு அருகே இருந்த பீர் ஆலையில் எழுபது பேருக்கு மேல் வேலை செய்தார்கள். ஒருவர்கூடக் காலராவில் சாகவில்லை. அவர்களுக்கு ஆலையிலேயே பீர் கிடைத்தது, தனிக் கிணறும் இருந்தது. போலந்து தெரு ஏழைகள் விடுதியில் 535 பேர். காலராவில் இறந்தது ஐந்தே பேர். அங்கேயும் சொந்தக் கிணறு. மாறாக, பல மைல் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த சூசன்னா ஈலி என்ற விதவை இறந்துபோனார். முன்பு பிராட் தெருவில் வாழ்ந்தவர், அந்தத் தண்ணீரின் ருசி பிடித்துப்போனவர். பிள்ளைகள் பாசத்தோடு தினமும் வண்டியில் அனுப்பி வைத்த தண்ணீரே எமனாகிவிட்டது. அவரைப் பார்க்க இஸ்லிங்டனிலிருந்து வந்து அதே தண்ணீரைக் குடித்த உறவுப் பெண்ணும் இறந்தார்.

ஹாம்ப்ஸ்டெட் கதையைச் சொன்னபோது வகுப்பில் சத்தமே இல்லை. பீர் கதையைச் சொன்னபோது ஒரே சிரிப்பு. ("அப்பா கிட்ட சொல்லட்டுமா தாத்தா?" என்றான் ஒருவன்.) துப்பறியும் கதையில் கைரேகை செய்கிற வேலையை இங்கே இந்த விதிவிலக்குகள் செய்கின்றன. எண்ணுவதையும் விசாரிப்பதையும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நகம் கடித்துக்கொண்டு கேட்கும்படி செய்ததற்காகவே இந்த நாவலை மெச்சலாம்.

எங்கே சறுக்குகிறது?

சாகசக் கதைக்கு வில்லன் வேண்டும் என்பது எழுதப்படாத விதி. ஈலைத் துரத்தும் மாற்றாந்தகப்பன் ஒருவன் இதிலும் வருகிறான். துரத்தல், ஒளிதல், மீட்பு எல்லாம் விறுவிறுப்பாகவே இருக்கின்றன. ஆனால் காலராவுக்கு வில்லன் கிடையாது. பிராட் தெரு 40-ஆம் எண் வீட்டில் சாரா லூயிஸ் என்ற தாய், வயிற்றுப்போக்கால் துடித்த கைக்குழந்தையின் துணியை அலசிய நீரைக் கழிவுக் குழியில் கொட்டினாள். அந்தக் குழியின் செங்கல் சுவர் உளுத்துப்போய்ச் சில அடி தள்ளியிருந்த கிணற்றில் கசிந்தது. இதில் யாரைத் தண்டிப்பது? 'கெட்டவன் யார்' என்று தேடப் பழக்கிய கதை, 'எங்கே கசிகிறது' என்று தேட வேண்டிய கட்டத்தில் பிள்ளைகளைக் கொஞ்சம் குழப்பிவிடுகிறது. வகுப்பிலேயே ஒரு குழந்தை, "அப்ப அந்தப் பாப்பாவோட அம்மா மேலதான் தப்பா?" என்று கேட்டுவிட்டது. பெற்ற குழந்தையையும், பின்னால் கணவனையும் அதே நோய்க்குப் பறிகொடுத்தவள் அவள்.

இன்னொரு குறை, காலத்தைச் சுருக்கியது. லூயிஸ் குழந்தைதான் முதல் நோயாளி என்பதைக் கண்டுபிடித்தவர் ஹென்றி ஒயிட்ஹெட் என்ற இளம் பாதிரியார், அதுவும் 1855-இல், பல மாத விசாரணைக்குப் பிறகு. நாவல் இதைப் பையனின் தேடலோடு முடிச்சுப்போட்டுச் சில நாட்களுக்குள் அடக்கிவிடுகிறது. கதைக்கு அந்த உரிமை உண்டுதான். ஆனால் நஷ்டம் என்னவென்றால், ஒயிட்ஹெட் முதலில் ஸ்னோவை நம்பாதவர். தண்ணீர்க் கொள்கை தவறு என்று காட்டத்தான் தெருத் தெருவாக விசாரித்தார். மறுக்கப் போனவரே கடைசியில் மிகப் பெரிய சாட்சியாகத் திரும்பி வந்தார். என்னைக் கேட்டால், இந்த வரலாற்றின் உண்மையான சாகசக்காரர் அவர்தான். தன் கருத்துக்கு எதிராகத் தானே ஆதாரம் திரட்ட எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! நாவலில் அவர் நல்ல மனிதராக வருகிறார். அவருடைய சந்தேகத்துக்குப் போதுமான இடம் இல்லை.

செப்டம்பர் 8-ஆம் தேதி கைப்பிடி கழற்றப்பட்டது. அதிகாரிகளின் மனம் மாறிவிடவில்லை. சுகாதார வாரியம் அமைத்த குழு, 1855-இல் ஸ்னோவின் முடிவை ஏற்க மறுத்தது. பாடப்புத்தகங்களில் புகழப்படும் அந்தப் புள்ளி வரைபடம்கூடக் கைப்பிடி கழற்றப்பட்ட பிறகு தயாரானதுதான். ஸ்னோ 1858-இல், 45 வயதில் காலமானார். ஊர் முழுக்க ஒப்புக்கொண்டதைக் கண்ணால் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

தெரியாதவர்களின் கதை

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நாவலைச் சொல்ல வேண்டும். லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் 2000-இல் எழுதிய 'ஃபீவர் 1793'. அன்றைய அமெரிக்கத் தலைநகரான ஃபிலடெல்ஃபியாவில் மஞ்சள் காய்ச்சல் வந்து ஏறத்தாழ 5,000 பேர் மாண்ட வரலாறு. மேட்டி என்ற 14 வயதுப் பெண்ணின் வாய்மொழியாக வருகிறது. இதில் மருத்துவர் ஜெயிப்பதில்லை. புகழ்பெற்ற டாக்டர் பெஞ்சமின் ரஷ், நோயாளியின் ரத்தத்தைக் கீறி வெளியேற்றுகிறார், பேதிக்குக் கொடுக்கிறார். பிரெஞ்சு மருத்துவர்களோ ஓய்வும் நீராகாரமும் போதும் என்கிறார்கள். விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் சங்கத்தார், தங்களுக்கு இந்நோய் வராது என்ற பொய்யான நம்பிக்கையின் பேரில் சேவைக்கு அழைக்கப்பட்டு, தாங்களும் நோயுற்றார்கள். இலையுதிர் காலத்தில் பனி விழுந்த பிறகே கொள்ளைநோய் அடங்கியது.

ஏன் அடங்கியது? கொசு செத்தது. ஆனால் அது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கொசுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று கியூபாவின் கார்லோஸ் ஃபின்லே சொன்னது 1881-இல். வால்டர் ரீட் குழு நிரூபித்தது 1900-இல். நாவலின் முதல் காட்சியிலேயே கொசு ரீங்கரிக்கிறது. வாசிக்கும் பிள்ளைக்குப் புரிகிறது, கதாநாயகிக்குப் புரியவில்லை. கடைசிவரை ஆசிரியை அதை உடைத்துச் சொல்வதில்லை. பெரிய டாக்டருக்கும் தெரியாத காலம் ஒன்று இருந்தது என்று குழந்தைக்குக் காட்டுவதும் அறிவியல் கல்விதான். இந்த விஷயத்தில் ஆண்டர்சன் ஒரு படி மேல்.

கேள்விக்குப் பதில்

அந்தச் சிறுமிக்கு அடுத்த வாரம் பதில் சொன்னேன். "இல்லம்மா, கழட்டினதால அந்தக் காலரா நிக்கல. பாதி ஜனம் பயந்து ஊரைவிட்டே ஓடிப்போயிருந்தது, நோயும் ஏற்கெனவே தணிய ஆரம்பிச்சிருந்தது. ஸ்னோவே இதை ஒத்துக்கிட்டு எழுதியிருக்கார். ஆனா கேளு. கழட்டின அதே செப்டம்பர் 8-ஆம் தேதிதான் அந்தப் பாப்பாவோட அப்பாவும் காலராவில விழுந்தார். அவரோட கழிவும் அதே குழிக்குத்தான் போச்சு. கைப்பிடி இருந்திருந்தா ஜனங்க மறுபடியும் அந்தத் தண்ணியக் குடிச்சிருப்பாங்க. அது நிறுத்தினது முதல் காலராவை இல்ல, வராமலே போன ரெண்டாவதை!"

சிறுமி கொஞ்ச நேரம் யோசித்தாள். "வராததை எப்படித் தாத்தா எண்ணறது?" என்றாள். பொதுச் சுகாதாரம் என்ற துறையின் கஷ்டமே அதுதான் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு லண்டன் கதையைச் சொல்ல எனக்கு வெட்கமாகவும் இருந்தது. காலராக் கிருமியை ராபர்ட் கோக் தனியே பிரித்துக் காட்டி, ஒரு குளத்து நீரிலும் அதைக் கண்டது 1884-இல், இதே நகரத்தில். அந்தக் கிருமி சுரக்கும் நஞ்சுதான் குடலைக் கெடுக்கிறது என்று சம்புநாத் டே 1959-இல் நிறுவியதும் இங்கேதான். அவருக்கு உரிய மரியாதை வாழ்நாளில் கிடைக்கவில்லை. 1971-இல் பங்களாதேஷ் அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலநபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியாகவே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அந்த முகாமில் தண்ணீர் சுமந்து ஓடிய ஒரு பையனைக் கதை சொல்ல விட்டால், அது எப்பேர்ப்பட்ட சாகச நாவலாக இருக்கும்! வில்லனே தேவையில்லை. நம் எழுத்தாளர்கள் யாராவது, இங்கே வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்காகவாவது, இதை எழுத வேண்டும். விதிவிலக்கைத் தேடும் விசாரணையும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மையும் அதில் இருந்தால் போதும்.

பின்குறிப்பாக ஒன்று. சென்ற கோடையில் அந்தச் சிறுமியின் அடுக்குமாடிக் குடியிருப்பில் சில பேருக்கு வயிற்றுப்போக்கு. இவள் நோட்டும் பென்சிலுமாகப் பதினொரு வீட்டுக் கதவைத் தட்டி, யார் மாடித் தொட்டித் தண்ணீர் குடிக்கிறார்கள், யார் கேன் வாங்குகிறார்கள் என்று எழுதிக்கொண்டு வந்திருந்தாள். கேன் தண்ணீர் குடித்த இரண்டு வீட்டிலும் நோய் இருந்தது. "ஒண்ணும் நிரூபணம் ஆகல தாத்தா" என்று வருத்தப்பட்டாள். அந்த இரண்டு வீட்டின் கீழே மட்டும் இரட்டைக் கோடு போட்டிருந்தாள்.