சூத்திரத் தாள் எதுவரை கைகொடுக்கும்?

அடக்கவிலைக் கணக்கியல் தேர்வு நெருங்கினால் பி.காம்., சிஎம்ஏ மாணவர்களின் கையில் ஃபார்முலா ஷீட் ஒன்று வந்துவிடும். இருப்பு நிலைகள், ஊக்க ஊதியம், மாறுபாடுகள், இலாப நட்டமற்ற புள்ளி என்று எல்லாம் சில பக்கங்களில் அடங்கியிருக்கும். அதை எழுதி எழுதி உருப்போடுவதே பலருக்கும் தயாரிப்பு.

இந்தப் பழக்கத்தை அடியோடு பழிக்க முடியாது. மூன்று மணி நேரத் தேர்வில் ஒவ்வொரு சூத்திரத்தையும் அடியிலிருந்து வருவித்துக்கொண்டிருந்தால் கடைசிக் கணக்குக்கு நேரம் மிஞ்சாது. தவிர, சில சூத்திரங்கள் வெறும் ஏற்பாடுகள். யோசித்துக் கண்டுபிடிக்க முடியாதவை. 1891இல் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் ஹால்சி வெளியிட்ட ஊக்க ஊதியத் திட்டத்தில், மிச்சமான நேரத்துக்குரிய கூலியில் பாதி போனஸ் என்றே பாடநூல்கள் சொல்கின்றன. ஏன் பாதி? அப்படி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

ஆனால் 1898இல் கிளாஸ்கோவில் ஜேம்ஸ் ரோவன் கொண்டுவந்த முறையை உருப்போட்டால் மட்டும் போதாது. அனுமதித்த நேரம் 10 மணி, கூலி மணிக்கு 50 ரூபாய் என்று கொள்வோம். வேலையை 6 மணியில் முடித்தவருக்கு ரோவன் போனஸ் 120 ரூபாய். 4 மணியில் முடித்தவருக்கும் அதே 120தான்! ஹால்சி முறையில் இவை முறையே 100, 150. அனுமதித்த நேரத்தில் பாதி மிச்சமானால் இரண்டு முறைகளும் ஒன்றே. அதற்கு மேல் மிச்சமானால் ரோவன் போனஸ் இறங்குகிறது. எந்த முறை முதலாளிக்கு ஏற்றது, ஏன் என்று கேட்டால் இதைப் பார்த்தவர்தான் பதில் எழுத முடியும்.

மனப்பாடத்தின் பெரிய குறை, விடை தப்பானால் அது காட்டிக்கொடுக்காது என்பது. சிக்கனக் கொள்முதல் அளவையே எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுத் தேவை 12,000 அலகு, ஒரு ஆர்டருக்குச் செலவு 60 ரூபாய், ஓர் அலகை ஓராண்டு வைத்திருக்க 4 ரூபாய் என்றால் விடை 600. அவசரத்தில் மாதத் தேவையான 1,000ஐப் போட்டவருக்கு 173 என்று வரும். சூத்திரம் சரி, விடை தப்பு. ஆர்டர் செலவும் இருப்புச் செலவும் சமமாகும் இடமே அந்த அளவு என்று தெரிந்தவர் உடனே சரிபார்ப்பார். ஆண்டுக்கு 20 ஆர்டர், செலவு 1,200. சராசரி இருப்பு 300, அதற்கும் 1,200. 173 இந்தச் சோதனையில் தேறாது.

மாறுபாடுகளிலும் இதே கதைதான். செலவில் தர அளவிலிருந்து நடப்பைக் கழிக்கிறோம். விற்பனையில் நடப்பிலிருந்து தர அளவைக் கழிக்கிறோம். இரண்டையும் தனித்தனி வரிகளாக உருப்போட்டவர் குறியை மாற்றிப் போட்டுவிடுவார். செலவு குறைந்தாலும் விற்பனை கூடினாலும் இலாபம் உயரும் என்பதை மனதில் வைத்திருப்பவருக்குச் சாதகமா பாதகமா என்ற குழப்பமே வராது.

ஆகவே ஃபார்முலா ஷீட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அது உருவாகும் நேரத்தை மாற்றினால் போதும். வகுப்பின் முதல் நாளே அச்சிட்டுக் கொடுத்தால் சூத்திரமே பாடமாகிவிடுகிறது. நான்கைந்து கணக்குகளைப் போட்டபின் மாணவரே எழுதி, ஒவ்வொன்றின் அருகிலும் அலகையும் சரிபார்க்கும் வழியையும் குறித்துக்கொண்டால், அதே தாள் தேர்வுக்கு முந்திய இரவில் இரட்டிப்பாகப் பயன்படும்.