கைமாறும் செல்கள்

உயிரிப்பொறியியல் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவருக்கு முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு சிறு குப்பிதான். திரவ நைட்ரஜன் தொட்டியில் உறைந்து கிடந்த செல்கள் அதில் இருக்கும். மேலே மார்க்கரால் எழுதிய பெயர், தேதி, எத்தனை முறை பிரித்து வளர்க்கப்பட்டது என்ற பாசேஜ் எண். கொடுத்தவர் சீனியர், அவருக்குக் கொடுத்தவர் வேறொரு பல்கலைக்கழகத்து நண்பர். பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவதுபோல, ஆய்வகங்களில் தொடர்ந்து வளர்க்கப்படும் இந்தச் செல் லைன்கள் உலகமெங்கும் இப்படித்தான் கைமாறுகின்றன.

இந்தப் பழக்கம் இல்லையென்றால் துறை இவ்வளவு வேகமாக வளர்ந்திருக்காது. 1951இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து ஜார்ஜ் கை வளர்த்தெடுத்த ஹீலா செல்கள், கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் இலவசமாகப் போயின. போலியோ தடுப்பூசியைச் சோதிக்க அவை உதவின. ஆனால் அந்தத் திசுவை ஆராய்ச்சிக்கு எடுக்க லாக்ஸிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அந்தத் தாராளத்தைப் பாராட்டும்போது இந்த அநீதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே ஹீலாதான் முதல் எச்சரிக்கையையும் தந்தது. வெவ்வேறு உறுப்புகளிலிருந்து வந்தவை என்று நம்பப்பட்ட பல செல் லைன்கள் உண்மையில் ஹீலாவே என்று 1966இல் ஸ்டான்லி கார்ட்லர் நொதிச் சோதனையைக் கொண்டு அறிவித்தார். ஹீலா வெகுவேகமாகப் பெருகும். பொதுவில் வைத்த வளர்ப்பு மீடியம் பாட்டிலில் ஒரு துளி கலந்தாலே போதும். சில வாரங்களில் பிளாஸ்க் முழுவதும் அதுவாகிவிடும்.

உயிரிப்பொறியியலுக்கு இன்னும் நெருக்கமான கதை ஈசிவி304 உடையது. தொப்புள்கொடி ரத்தநாளத்தின் உட்சுவரிலிருந்து வந்தது என்று 1990இல் அறிமுகமானது. வளர்ப்பது எளிது என்பதால் ரத்தநாள ஆய்வுக்கும், மூளைக்குள் மருந்து நுழையுமா என்று பார்க்கும் மாதிரிகளுக்கும் பலர் அதை எடுத்துக்கொண்டார்கள். 1999இல் டி.என்.ஏ. சோதனை அது டி24 என்று காட்டியது: சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் செல். உண்மை வெளியான பிறகும் ரத்தநாளச் செல் என்ற பெயரிலேயே அது கட்டுரைகளில் தொடர்ந்தது. தவறாக அடையாளம் காணப்பட்ட செல் லைன்களின் சர்வதேசப் பட்டியலில் இன்று 500க்கும் மேற்பட்டவை உள்ளன.

செல் வளர்ப்பில் கலந்துவிடும் மைக்கோபிளாஸ்மா வேறு வகைத் தொல்லை. இந்த பாக்டீரியாவுக்குச் செல்சுவர் இல்லாததால் பெனிசிலின் பலிக்காது, மீடியமும் கலங்காது. தேடிச் சோதித்தால்தான் தெரியும்.

அப்படியிருந்தும் பலர் ஏன் சோதிப்பதில்லை? டி.என்.ஏ.வைக் கொண்டு செல்லை அடையாளம் காணும் எஸ்.டி.ஆர். சோதனைக்கு ஆகும் செலவு, மூன்று வருட உழைப்போடு ஒப்பிட்டால் அற்பம். பயம்தான் பெரிய தடை. முடிவு பாதகமாக வந்தால் ஆய்வேட்டின் பாதி அத்தியாயங்கள் போகும். அந்த இழப்பு முழுவதும் மாணவர் தலையில்தான் விழும்.

கைமாற்றத்தையே தடை செய்வது தீர்வாகாது. அமெரிக்கச் செல் வங்கிகளில் ஒரு குப்பிக்கே பல நூறு டாலர் ஆகிறது. புனேயின் தேசிய செல் அறிவியல் மையம் இந்திய ஆய்வகங்களுக்குச் செல்களை வழங்கினாலும், சிறிய கல்லூரிகளுக்கு அவசரத்தில் கைகொடுப்பது அண்டை ஆய்வகம்தான். எனவே கொடுப்பவர் குப்பியோடு சோதனை அறிக்கையையும் கொடுக்கட்டும். வாங்குபவர் தனி இன்குபேட்டரில் வளர்த்து, அடையாளச் சோதனை, மைக்கோபிளாஸ்மா சோதனை இரண்டையும் முடித்த பிறகே பொது அறைக்குக் கொண்டுவரட்டும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2016 முதல் நிதி விண்ணப்பத்திலேயே அடையாளச் சோதனைக்கான திட்டத்தைக் கேட்கிறது. இங்குள்ள நிதி அமைப்புகளும் அதைக் கேட்டு, செலவை வழிகாட்டியின் திட்டநிதியில் தனித் தலைப்பாகச் சேர்த்தால், முதல் மாதத்திலேயே சோதித்துப் பார்க்கும் துணிவு மாணவருக்கு வரும்.