மூலையில் நிற்கும் தம்பியைத் திட்டாதீர்கள்

ஷாட் கிளாக்கில் ஆறு நொடி மிச்சம். இறக்குமதி ஆட்டக்காரர் ஸ்கிரீனைச் சுற்றி உள்ளே பாய்கிறார். தடுப்பாளர்கள் இருவர் அவர்மேல் கவிகிறார்கள். பந்து இடது மூலைக்குப் பறக்கிறது. அங்கே நம் பேராக் தம்பி தனியாக நிற்கிறான். இரண்டு எட்டுத் தூரத்துக்கு எதிரே ஆளில்லை. அரங்கில் இருப்பவர்கள் வீட்டில் எந்த மொழி பேசினாலும் அந்த நொடியில் 'ஷூட்!' என்றுதான் கத்துகிறார்கள். அவன் எறிவதில்லை. ஒருமுறை தரையில் தட்டிவிட்டு, பந்தை வந்த கைக்கே திருப்பிக் கொடுக்கிறான். இறக்குமதி இரண்டு பேரின் கைகளுக்கு மேலாக வளைத்து எறிகிறார்.

இதைத்தான் இரண்டு பருவமாக எல்லாரும் பேசுகிறார்கள். ஈப்போ பழைய நகரக் கோப்பிக் கடையில் பேசினாலும் சரி, புந்தோங்கில் பேசினாலும் சரி, தீர்ப்பு ஒன்றுதான்: பையனுக்குத் தைரியம் இல்லை. பெரிய ஆட்டம் என்றால் கை நடுங்குகிறது. உள்ளூர் ஆட்டக்காரர்களே இப்படித்தான், அதனால்தான் நம் லீக் உருப்படவில்லை.

முழுத் தவறு. அந்தத் தம்பியின் ஆட்டத்தை நான் ஒவ்வொரு பிடியாகப் பார்த்து வருகிறேன். பயந்தவன் செய்யாத காரியங்களை அவன் செய்கிறான். இரண்டு மீட்டர் உயர இறக்குமதி கூடையை நோக்கி ஓடிவரும்போது நெஞ்சைக் கொடுத்து நின்று, தரையில் சாய்ந்து, ஃபவுலை வாங்கித் தருபவன் அவன்தான். எல்லைக்கோட்டைத் தாண்டும் பந்துக்காக விளம்பரப் பலகையில் போய் மோதுகிறவனும் அவன்தான். கடைசி நிமிடத்து ஃபிரீ த்ரோவை அவன் பிசகவிட்டதை அரிதாகவே பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, கிந்தா வட்டாரத்தில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சங்கப் போட்டிகளில் அவன் ஆடுவதைப் பாருங்கள். அதே மூலை, அதே ஆறு நொடி. பந்து கையில் பட்டதும் எறிந்துவிடுகிறான். தவறினால் தலையைக் குலுக்கிக்கொண்டு தடுக்க ஓடுகிறான். அடுத்த முறையும் எறிகிறான். சனிக்கிழமை கோழையாக இருந்தவன் ஞாயிற்றுக்கிழமை வீரனாகிவிடுவானா? ஆள் மாறவில்லை. அவன் ஆடும் அமைப்பு மாறுகிறது.

அவன் கால்களைக் கவனியுங்கள். பந்து வருமுன்பே எறிவதற்குத் தயாராக இருப்பவனின் முழங்கால் மடிந்திருக்கும், பாதங்கள் கூடையைப் பார்த்திருக்கும், விரல்கள் விரிந்திருக்கும். லீக் ஆட்டத்தில் நம் தம்பியின் உடல் எடை பின்குதிகாலில் இருக்கிறது. கைகள் மார்புக்கு நேராக, பாஸ் கொடுக்கும் நிலையில் இருக்கின்றன. பந்து அவனிடம் வருவதற்கு முன்பே முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. அதை எடுத்தது அவனும் அல்ல.

கணக்கின்படி பார்த்தால் அவன் எறிவதே சரி. ஃபிபா களத்தில் மூன்று புள்ளி வளைவு 6.75 மீட்டர், மூலையில் மட்டும் 6.60. களத்திலேயே மலிவான மூன்று புள்ளி அதுதான். மூன்று முறை எறிந்து ஒரு முறை விழுந்தால் போதும், இரண்டு புள்ளி எறிதலில் பாதிக்குப் பாதி விழுவதற்குச் சமம். இருவர் மறித்து நிற்க, கிளாக் முடியும் நேரத்தில், வளைந்து எறியும் இறக்குமதிக்குப் பாதிக்குப் பாதி விழுமா? யாருக்கும் விழாது. தம்பிக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அவன் போடுவது இன்னொரு கணக்கு. எறிந்து தவறினால் அடுத்த விசிலுக்குள் அவன் பெஞ்சில். இறக்குமதி எறிந்து தவறினால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை, அதற்காகத்தானே அவரைக் கொண்டுவந்தோம் என்று விட்டுவிடுவார்கள். தம்பியின் ஒப்பந்தம் ஒரு பருவத்துக்கு. பருவம் முடிந்ததும் அவன் பழையபடி வேலைக்குப் போகவேண்டும். அடுத்த ஆண்டு ஸ்பான்சர் வந்தால்தான் திரும்ப அழைப்பு வரும். இறக்குமதிக்கும் வேறு வழியில்லை. இங்கே எடுக்கும் புள்ளிகளைக் காட்டித்தான் அவர் அடுத்த நாட்டில் வேலை தேடவேண்டும். பயிற்சியாளரும் ஒரு போட்டிக்கு மட்டும் அமர்த்தப்பட்டவர். அணியை நடத்துபவருக்கு ஸ்பான்சரிடம் காட்ட ஒரு கோப்பை தேவை. இப்படி ஒவ்வொருவரும் தமக்குச் சரியானதைச் செய்யச் செய்ய, பந்து மூலையிலிருந்து திரும்பித் திரும்பி ஒரே கைக்குப் போகிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. மழை பெய்தால் பால்மரம் சீவ முடியாது, அன்றைய கூலியும் இல்லை. நம் தொழில்முறைக் கூடைப்பந்து ஸ்பான்சர் என்ற ஒரே வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது.

தேசிய லீக் 1981இல் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1979 ஜகார்த்தா சீ விளையாட்டில், ஆண்கள் தங்கம் நமக்கு. பிறகு 1989இல் கோலாலம்பூரில் மீண்டும் தங்கம். அந்தப் போட்டியில் பிலிப்பைன்ஸைத் தாண்டித் தங்கம் வாங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 1991லிருந்து 2019 வரை ஆண்கள் கூடைப்பந்து நடந்த ஒவ்வொரு முறையும் தங்கம் அவர்களுக்கே போனது. 2009இல் ஆசியான் கூடைப்பந்து லீக் வந்தது. வட்டாரம் முழுக்கப் பயணம், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள், தொலைக்காட்சி எல்லாம் வந்தன. 2016இல் நம் நாட்டுக் கொடியின் கீழ் ஆடிய அணி அதில் வாகை சூடியபோது நானும் துள்ளிக் குதித்தேன். 2020 மார்ச்சில் பெருந்தொற்று அந்த லீக்கை நிறுத்தியது. பழைய உருவில் அது மீளவில்லை. பிறகு உள்நாட்டில் புதிய பெயர்களும் புதிய சின்னங்களும் வந்துவிட்டன. ஆனால் ஆட்டத்தின் கடைசி ஆறு நொடி யார் கையில் என்ற பழக்கத்தை மட்டும் ஆசியான் லீக்கிலிருந்து அப்படியே எடுத்துவந்துவிட்டோம்.

இதில் என்னை உறுத்துவது ஒரு விதி. பதினாறு வயதுக்குப் பிறகு குடியுரிமை பெற்றவர்களில் ஒரே ஒருவரைத்தான் தேசிய அணியில் சேர்க்க ஃபிபா அனுமதிக்கிறது. அப்படியானால் நாட்டுச் சட்டையோடு களத்தில் இறங்கும் ஐவரில் குறைந்தது நால்வர் நம் தம்பி மாதிரியானவர்கள். ஆண்டு முழுக்க மூலையில் நின்று பந்தைத் திருப்பிக் கொடுக்கப் பழகியவர்களிடம், ஒரு வாரப் போட்டியில் திடீரென்று 'நீ எறி' என்றால் எப்படி எறிவார்கள்? பிறகு நாமே உட்கார்ந்து தைரியம் இல்லை என்கிறோம்.

மற்றவர்கள் இதைச் சரிசெய்யாமல் இல்லை. ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் மணிலாவில் 1975இல் பிறந்தது. அங்கும் இறக்குமதி உண்டு. கூட்டம் அவர்களைக் கொண்டாடுகிறது. ஆனால் பிலிப்பைன் கோப்பை என்ற முழுத் தொடரில் வெளிநாட்டு இறக்குமதிக்கு இடமில்லை. அந்த மாதங்களில் கடைசிப் பந்தை எறிய உள்ளூர்க்காரரைத் தவிர யாரும் இல்லை. தவறுகிறார்கள், திட்டு வாங்குகிறார்கள், மறுநாளும் எறிகிறார்கள். ஜப்பானில் இரண்டு லீக்குகள் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றதால் 2014 நவம்பரில் ஃபிபா அந்நாட்டையே இடைநீக்கம் செய்தது. 2016இல் இரண்டையும் இணைத்து பி.லீக் தொடங்கினார்கள். ஒரே நேரத்தில் களத்தில் நிற்கும் வெளிநாட்டவருக்கு வரம்பு வைத்தார்கள். 2023 உலகக் கோப்பையில் ஆசிய அணிகளில் முதலிடம் பிடித்து அவர்கள் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போனதில் அந்த வரம்புக்குப் பங்கில்லை என்று என்னிடம் யாரும் சொல்லவேண்டாம். இந்தியாவின் யுபிஏ லீக் 2015இல் தொடங்கி 2017இல் அடங்கியதையும் நினைவில் வைக்கவேண்டும். சென்னையில் கூடைப்பந்துக்கு ஆள் பஞ்சமே இல்லை. பள்ளி, கல்லூரி, ரயில்வே, வங்கி என்று ஆட்டக்காரர்கள் நிறைந்த ஊர். ஆட்டக்காரர்கள் இருந்தும் அந்த லீக் நிலைக்கவில்லை.

இங்கே நம் பேராக்கின் கதைக்கு வரவேண்டும். நம் தம்பி எங்கிருந்து வந்தான் என்று பாருங்கள். அவசரகாலத்தில், 1950க்குப் பிறகு, கிந்தா பள்ளத்தாக்கெங்கும் புதுக்கிராமங்கள் எழுந்தன. வேலி போட்டு மக்களைக் குடியமர்த்தினார்கள். அங்கே காலப்போக்கில் சிமெண்டுத் தரையும் இரண்டு கூடைகளும் வந்தன. மாலையானால் பிள்ளைகள் அங்கேதான். சீனப் பள்ளிகளின் முற்றமும் அப்படியே. கொஞ்சம் தள்ளி, சுங்கை சிப்புட்டிலும் பத்து காஜாவிலும் செமோரிலும் தோட்டங்கள். அங்கே கோவிலுக்கும் ஆபீசுக்கும் இடையில் திடல் இருந்தது, அதில் காற்பந்துக் கம்பம் இருந்தது. நம்மவர்கள் காற்பந்தும் ஹாக்கியும் ஆடினார்கள், கைப்பந்து ஆடினார்கள். அஸ்லான் ஷா ஹாக்கிக் கோப்பை 1983இல் தொடங்கி இன்று ஈப்போவோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த அரங்கின் படிக்கட்டில் தமிழ்க்குரல் கேட்காத நாள் உண்டா? கூடைப்பந்து அரங்கில் அந்தக் குரல் இல்லை. ஒரு தெரு இந்தப் பக்கமும் ஒரு தெரு அந்தப் பக்கமும் இருந்தும், ஒரு இளைஞர் கூட்டத்துக்குக் கூடை கிடைத்தது, இன்னொன்றுக்குக் கிடைக்கவில்லை.

பிறகு தோட்டங்கள் போயின. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; பல தோட்டங்கள் தாமான்களாக மாறின. லயத்தில் இருந்தவர்கள் மலிவு விலை வீடுகளுக்குப் பெயர்ந்தார்கள், திடலை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். தாமானில் காற்பந்துக்கு இடமில்லை. ஆனால் பல தாமான்களில் பொதுமண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடையும் பாதிக் களமும் உண்டு. நான் சொல்லும் தம்பி அப்படியொரு தாமானில் வளர்ந்தவன். அவனுக்கு முதலில் பந்தைக் கொடுத்தவர்கள் பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளைகள். உயரம் போதாது என்று சொல்லி அவனைப் பாயிண்ட் கார்டாக்கினார்கள். அந்த ஊரில் அவனை வெறும் பாஸ் கொடுப்பவன் என்று யாரும் சொன்னதில்லை.

லீக்கின் பார்வையாளர் ஒரே சமூகத்தில் அடங்கிப் போனது அதன் பெரிய பலவீனம். அரங்கின் மொழி பெரும்பாலும் மாண்டரின். அந்தச் சமூகம்தான் இத்தனை ஆண்டு இந்த ஆட்டத்தைக் கைவிடாமல் காத்தது; அதற்கு நன்றி சொல்லித்தான் மேலே பேசவேண்டும். பெண்கள் கூடைப்பந்தில் சீ விளையாட்டில் மற்ற எந்த நாட்டையும் விட அதிகத் தங்கம் நமக்கு இருப்பதும் அந்தப் பள்ளி முற்றங்களின் பயன்தான். ஆனால் மூன்று கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டில் ஒரு சமூகத்தின் நுழைவுச்சீட்டை நம்பி ஒரு தொழில்முறை லீக் வாழமுடியாது. மாநிலங்களில் ஆட்டம் நடக்கவேண்டும். தலைநகரில் ஹாங் ஜெபாட் சாலையில் இருக்கும் மாபா அரங்குக்கு ஈப்போக்காரர் எத்தனை தடவை பஸ் ஏறுவார்?

இனி என்ன நடக்கும் என்று என் கணிப்பைச் சொல்கிறேன். இறக்குமதி வரம்பு வரும். ஆட்ட நலனை நினைத்து யாரும் அதைக் கொண்டுவரப் போவதில்லை. பணம் கட்டுபடியாகாததால் வரும். இரண்டு இறக்குமதியின் சம்பளம், விமானம், தங்குமிடம் எல்லாம் ஸ்பான்சர் கையைச் சுடும்போது அணிகளே ஒன்று போதும் என்று கேட்கும். அடுத்த இரண்டு மூன்று பருவத்தில் ஏதாவது ஒரு கால்பகுதி முழுவதும் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் என்று விதி எழுதப்படும். அந்தக் கால்பகுதி நான்காவதாக இருந்தால் லீக் பிழைத்தது. முதலாவதாக வைத்தால், கண்துடைப்பாகிவிடும்.

இரண்டாவது, மூவர் ஆட்டம். பாதிக் களம், ஒரு கூடை, மூவரும் ஒரு மாற்று ஆட்டக்காரரும். ஷாட் கிளாக் பன்னிரண்டு நொடிதான். திருப்பிக் கொடுத்துக் கொண்டிருக்க நேரமே இல்லை. பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் முடிவெடுக்கவேண்டும். ஐவர் ஆட்டம் அழித்த பழக்கத்தை மூவர் ஆட்டம் திருப்பிக் கொடுக்கும் என்று நம்புகிறேன். தாமான் பொதுமண்டபக் களத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரியான ஆட்டம் அது. மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் இருபது பள்ளி முற்றத்தில் ஆளுக்கொரு கூடை நட்டால் போதும். பத்து ஆண்டுக்குள் பேராக் அணியின் தொடக்க ஐவரில் சுங்கை சிப்புட்டிலிருந்தோ புந்தோங்கிலிருந்தோ வந்த ஒரு தமிழ்ப்பெயர் இருக்கும்.

நம் தம்பிக்கு அவ்வளவு காலம் இல்லை. அவனுக்கு மிஞ்சியிருப்பது இரண்டு நல்ல பருவம், அதிகம் போனால் மூன்று. வரும் பருவத்தில் ஏதாவது ஒரு பயிற்சியாளர், முதல் இரண்டு எறிதல் தவறிய பிறகும் அவனைப் பெஞ்சுக்கு அழைக்காமல் களத்திலேயே விட்டுவைத்தால், மூலையிலிருந்து மூன்றில் ஒன்றுக்கு மேல் அவன் போடுவான். இறக்குமதி மேல் விழும் இரண்டாவது தடுப்பாளர் மூலைக்கு ஓடவேண்டி வரும், உள்ளே இடம் திறக்கும், அதே இறக்குமதியின் புள்ளியும் ஏறும். பேராக் அரையிறுதிக்குப் போகும். ஈப்போவில் சொந்த ஆட்டங்களை வெள்ளிக்கிழமை இரவில் வைத்து, அறிவிப்பைத் தமிழிலும் மலாயிலும் சேர்த்துச் சொன்னால், இண்டெரா மூலியா மாதிரியான ஓர் அரங்கில் பாதிக்கு மேல் நிறையும். அட்டவணை வெளிவரும்போது முதலில் ஈப்போவுக்கு எத்தனை வெள்ளிக்கிழமை கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நான்குக்குக் குறைவாக இருந்தால் மாநிலச் சங்கத்திடம் போய்க் கேளுங்கள். நானும் வருகிறேன்.