மாதொருபாகனில் மருந்தும் இசைவும்

மகப்பேறின்மையைப் பொருளாகக் கொண்ட தமிழ் நாவல்களுள் பெருமாள்முருகனின் மாதொருபாகன் (2010) தலையாய இடம் பெறுதற்குரியது. ஆயின், அதனைப் பற்றி எழுந்த உரைகளுள் பெரும்பாலன நூலைவிட நூலைச் சூழ்ந்த பூசலையே பேசுகின்றன. 2014ஆம் ஆண்டின் இறுதியில் எதிர்ப்பு எழுந்ததும், 2015 சனவரியில் ஆசிரியர் எழுத்துத் துறப்பை அறிவித்ததும், 2016 சூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் நூலுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்ததும் யாவரும் அறிந்தவை. நாவல் கூறும் திருவிழா வழக்கம் திருச்செங்கோட்டில் உண்மையில் இருந்ததா, இல்லையா என்னும் வினாவிலேயே இருதிறத்தாரும் பெரிதும் நின்றுவிட்டனர். நாவலின் முடிச்சு அங்கில்லை என்பதே நம் கருத்து.

காளிக்கும் பொன்னாவுக்கும் மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்துள்ளன. மாமனார் வீட்டில் காளி நட்ட பூவரசு ஓங்கித் தழைத்துவிட்டது. மகவொன்றே இல்லை. ஆயினும் இருவர்க்குமிடையே அன்பு குறைந்திலது. இன்பம் குறைந்ததாகவும் ஆசிரியர் காட்டிலர். குறை என்பது புறத்திருந்தே அவர்கள்மேல் ஏற்றப்படுகிறது. மாட்டுத் தரகன் ஈனாத பசுவைச் சுட்டிக் குத்திப் பேசும் இடம் இதற்குப் போதிய சான்று. (இத்தகைய ஏச்சுகளை ஆசிரியர் அடுக்கிக்கொண்டே செல்வதால் நூலின் நடுப்பகுதி சற்றே தொய்வுறுகிறது என்பதையும் கூறல் வேண்டும்.)

இனி, அவர்கள் நாடும் மருந்துகளை நோக்குவோம். கைப்பான பச்சிலைச் சாற்றை விழுங்குபவள் பொன்னா. மலையுச்சியில் உள்ள வறடிக்கல்லை, கால் இடறின் உயிர் போம் என்னும் நிலையில் சுற்றி வருபவளும் அவளே. முன்னோர் இழைத்த தீங்கு, தெய்வத்தின் சினம் எனக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. காரணம் எதுவாயினும் மருந்து பெண்ணின் உடம்பிலேயே இறங்குகிறது. மகப்பேறின்மையுற்ற தம்பதியருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடத்து ஆணின் குறையும், தனித்தோ பெண்ணின் குறையோடு சேர்ந்தோ, காரணமாதல் உண்டு என இன்றைய மருத்துவம் கூறும். விடுதலைக்கு முந்தைய காலத்து உழவர் குடியினர் இதனை அறிந்திருத்தல் அரிது.

சங்க அகப்பாடல்களில் வரும் வெறியாட்டு ஈண்டு நினைவுகூரத்தக்கது. தலைவியின் மெலிவுக்கு முருகனே காரணம் எனக் கொண்டு தாய் வேலனை அழைக்கிறாள். நோயின் காரணமோ தலைவன். அகநானூற்று 22ஆம் பாட்டில், இரவில் வந்த தலைவனால் நோய் நீங்கப்பெற்ற தலைவி, தொடர்பிலா வேலனை எண்ணி நகைக்கிறாள். பிழையாக அறியப்பட்ட நோய்க்குப் பிழையான சடங்கு என்னும் அமைப்பு இரண்டிடத்தும் ஒன்றே. ஆனால் அகத்தலைவி உண்மையை அறிவாள். ஆதலின் நகைக்க இயல்கிறது. பொன்னாவுக்கு அவ்வறிவு இல்லை. அவளைச் சூழ்ந்தோர் அவளுக்கு அதனை மறுக்கவும் செய்கின்றனர்.

நாவலின் முடிச்சு இங்குதான் உள்ளது. திருவிழாவின் பதினான்காம் நாளிரவில், முன்பின் அறியா ஆடவனைத் தெய்வமாகக் கொண்டு பெண்ணொருத்தி மகப்பேறு வேண்டலாம் என்பது கதையில் வரும் வழக்கம். காளியின் தாய் சீராயியும் பொன்னாவின் தாய் வல்லாயியும் இதனை வேண்டுகின்றனர். காளி உடன்படவில்லை. நீ போவாயா என அவன் வினவ, நீ விரும்பினால் போவேன் என்னும் பொருள்பட அவள் விடை தருகிறாள். முடிவை அவனிடமே விட்ட விடை அது. அவனோ போவேன் என்பதை மட்டுமே கேட்டு உளம் புண்படுகிறான். ஒரு தொடரின் முற்பாதி செவியில் விழாமையால் விளையும் துன்பத்தை இத்துணைச் சிக்கனமாகக் காட்டிய இடம் தற்கால நாவல்களில் அரிது. பின்னர்க் காளி இசைந்தான் எனப் பொன்னாவை நம்பவைத்து அழைத்துச் செல்கின்றனர். அவள் அண்ணன் முத்து, காளியைக் கள்ளுக்கு அழைத்துப்போய் அப்பாற்படுத்துகிறான். தன் கணவன் பொருட்டே சென்றவள், அவன் கண்ணில் பிழைத்தவளாகிறாள்.

2021ஆம் ஆண்டின் துணை இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம், சிகிச்சை நாடுவோர் எல்லாருடைய எழுத்துவழி இசைவையும் பெறாது மருத்துவமனை எதுவும் செய்தலாகாது என விதித்துள்ளது. அயலான் ஒருவனின் உயிரணுவால் மகப்பெறுதல் இன்று மருத்துவமனைகளில் நிகழ்வதே. அதனால் பூசல் எழுவதில்லை. எனவே இந்நாவலின் துன்பத்தை அயலானிடத்துத் தேடுதல் பொருந்தாது. இசைவு பொய்யாக உரைக்கப்பட்டமையே துன்பத்தின் வித்து. எதிர்த்தோர் ஊர்ப்பெண்டிரின் மானத்தைப் பேசினர். ஒரு பெண் ஏமாற்றப்பட்டதைப் பேசியவர் சிலரே.

நாவல் பூவரசின் கீழ்க் காளியை விட்டு முடிகிறது. தொடர்ச்சியாக வந்த இரு நாவல்களுள் ஆலவாயனில் அவன் இறந்துபடுகிறான், அர்த்தநாரியில் உயிர்வாழ்கிறான். இரண்டிலும் பொன்னா கருவுறுகிறாள். குறை எவரிடத்தது என்னும் வினாவுக்கு இவ்வாறு விடை கிடைத்துவிடுகிறது. முதல் நூல் அவ்விடையைத் தாராது நிற்பதிலேயே அதன் ஆற்றல் மிகுதியும் உள்ளது. ஆதலின் மாணவர் அதனை முதலில் தனியே பயின்று, தொடர்ச்சிகளைப் பின்னர்ப் படித்தல் நன்று.