பிழைத்தலும் பிழையும்

1

பழைய இடதுசாரி நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தபோது என் கணினித் திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன தோழர், ஊரே பத்தி எரியுது, நீங்க பனியில வெறகு பொறுக்கிட்டிருக்கீங்க?" அப்போது சிரித்து மழுப்பினேன். இந்தக் கட்டுரையை அவருக்குத் தாமதமாகச் சொல்லும் பதில் என்று கொள்ளலாம். பதிலில் பாதி அவருக்குச் சாதகமாகவே இருக்கும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விளையாட்டின் பெயர் 'தி லாங் டார்க்'. கனடாவின் ஹின்டர்லேண்ட் ஸ்டுடியோ தயாரித்தது. 2014இல் முற்றுப்பெறாத வடிவில் விற்பனைக்கு வந்து 2017இல் முழுமையாக வெளியானது. அதில் ஒரு கதைப் பகுதி தனியாக இருக்கிறது. நான் பேசப் போவது அதைப் பற்றியல்ல, 'சர்வைவல்' என்ற மற்ற பகுதியைப் பற்றி. கனடாவின் வடக்கே கிரேட் பேர் தீவு என்றொரு கற்பனைத் தீவு. பூமியின் காந்தப் புலத்தில் ஏதோ நேர்ந்து மின்கருவிகள் எல்லாம் செயலிழந்துவிட்டன. நீங்கள் தனியாள். குளிர், களைப்பு, தாகம், பசி ஆகிய நான்கையும் சமாளிக்க வேண்டும். செத்தால் அதுவரை சேமித்து வைத்த ஆட்டம் அழிந்துவிடும். விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. விளையாடுகிறவர்கள் இதை 'பெர்மாடெத்' என்கிறார்கள். நாம் மீளாச் சாவு என்று வைத்துக்கொள்வோம்.

நான் 143ஆம் நாள் செத்தேன். பனிப்புயலில் வழி தவறி ஒரு பாறை மறைவில் ஒதுங்கினேன். கையில் மூன்று தீக்குச்சிகள் இருந்தன. தீப்பற்ற 70 சதவீதம் வாய்ப்பு என்று திரை சொன்னது. மூன்றும் போயிற்று. திரை மெல்ல இருண்டது. இரண்டு மாத இரவுகளில் சேர்த்த அத்தனையும் இல்லாமற் போனதை நம்பாமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த அறையிலிருந்து மகள் கூப்பிட்டாள்: "செத்துப் போயிட்டல்ல, வாப்பா, சாப்பிட வா."

2

முதலில் இதன் வசீகரத்தைப் பேசிவிட வேண்டும். வெகுசன வடிவம் எதைப் பார்த்தாலும் 'மக்களை மழுங்கடிப்பது' என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த வழியில் போனால் ஒன்றும் புரியாது.

பெரும்பாலான வீடியோ விளையாட்டுகளில் சாவு என்பது காற்புள்ளி. சுடப்படுகிறீர்கள், விழுகிறீர்கள், அரை நிமிடத்தில் பழைய இடத்திலேயே எழுந்து நிற்கிறீர்கள். நடந்தது எதுவும் நடந்ததாக ஆவதில்லை. இதற்கு எதிரான ஒரு மரபு 1980 அளவில் கலிஃபோர்னியாவின் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய 'ரோக்' விளையாட்டோடு தொடங்குகிறது. எழுத்துருக்களாலேயே வரையப்பட்ட நிலவறையில் இறங்கும் அந்த ஆட்டத்தில் செத்தவன் செத்தவன்தான். முடிவுகளுக்குப் பாரம் இருக்க வேண்டும் என்பது அதன் தர்க்கம்.

அந்தத் தர்க்கத்தை 'தி லாங் டார்க்' நிலவறையிலிருந்து பனிக்காட்டுக்குக் கொண்டுவரும்போது ஒன்று நிகழ்கிறது. சின்னச் சின்னக் காரியங்கள் கனமாகின்றன. வாசலைத் திறக்குமுன் வானத்தைப் பார்க்கிறேன். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று கவனிக்கிறேன். கிழிந்த காலுறையை ஊசி நூல் கொண்டு தைக்கிறேன். பழசானால் தூக்கியெறி, புதுசு வாங்கு என்று நாள் முழுக்க நமக்கு ஓதும் ஒரு பொருளாதாரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, ஒரு காலுறையின் தேய்மானத்தைக் கவலையோடு பார்க்க வைக்கிறது இந்தப் பிரதி. இதை அற்பமென்று நான் கருதவில்லை.

இன்னொன்று, இதில் வெற்றி கிடையாது. யாரையும் வென்று கொடி நாட்டுவதில்லை. எத்தனை நாள் தாக்குப்பிடித்தாய் என்பது மட்டுமே கணக்கு. முடிவு தோல்விதான் என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்ளும் இந்த நேர்மை, நாயகன் ஜெயித்தே தீரும் கதையாடல்களில் ஊறிய நமக்கு ஒரு விடுதலையாகக்கூட இருக்கிறது. விறகு பொறுக்கியதற்கு நான் வெட்கப்படவில்லை என்று நண்பருக்குச் சொல்ல இதுவரை நியாயம் இருக்கிறது.

3

சிக்கல் அறுபது எழுபது நாளுக்குப் பிறகு தொடங்குகிறது.

இந்த விளையாட்டில் உடம்பு என்பது ஒரு கணக்குப் புத்தகம். பசி கலோரியாகவும் குளிர் டிகிரியாகவும் உயிர் சதவீதமாகவும் வந்து நிற்கின்றன. கணக்காகிவிட்ட எதையும் ஏய்க்க முடியும் அல்லவா? தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஒரு உத்தியைக் கண்டுபிடித்தார்கள். பகலெல்லாம் பட்டினி கிடப்பது, படுக்கப் போகுமுன் மட்டும் கொஞ்சம் தின்பது. பட்டினியில் குறைந்த உயிர்ச் சதவீதம் தூக்கத்தில் ஏறிவிடும். உணவு மிச்சம். பசியைப் பற்றிய விளையாட்டில் பசியே லாபகரமான உத்தியாகிவிட்டது! தயாரிப்பாளர்கள் பிறகு, தொடர்ந்து வயிறார உண்பவருக்குக் கூடுதல் பலம் என்று ஒரு சலுகையைச் சேர்த்தார்கள். அதாவது ஒரு கணக்கின் ஓட்டையை இன்னொரு கணக்கால் அடைத்தார்கள்.

ஃபூக்கோ 1979இல் ஆற்றிய விரிவுரைகளில் நவதாராளவாதம் கட்டமைக்கும் மனிதனைத் தனக்குத் தானே முதலாளியாக, தன்னையே ஒரு நிறுவனமாக நடத்துகிறவனாகக் காட்டுவார். அந்தத் தன்னிலைக்கு இதைவிடச் சுத்தமான மாதிரி கிடைக்காது. பனிக்காட்டில் தனியாக நிற்கும் என் ஆள் இயற்கையோடு போராடுவதாகத்தான் விளம்பரம். உண்மையில் அவன் ஓர் இருப்புநிலைக் குறிப்பைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறான். 1719இல் வெளிவந்த ராபின்சன் குருசோவும் தீவில் இறங்கியதும் செய்த வேலை இதுதானே? நன்மை ஒரு பக்கம், தீமை ஒரு பக்கம் என்று பத்தி பிரித்துக் கணக்கெழுதினான்.

மீளாச் சாவு இங்கே எதிர்பார்த்ததற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. சேர்க்கச் சேர்க்க எனக்கு உயிர் மேலிருந்த பயம் போய்ச் சொத்து மேல் பயம் வருகிறது. கரடித்தோல், துப்பாக்கி, இருபது கிலோ காய்ந்த இறைச்சி எல்லாம் போய்விடுமே! ஆகவே குடிசையை விட்டு நகர்வதில்லை. மீன் பிடிக்கிறேன், தூங்குகிறேன், மீன் பிடிக்கிறேன். இப்படி எல்லோரும் உள்ளேயே முடங்குவதைப் பார்த்து, அளவுக்கு மேல் வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் ஒரு நோய் வரும் என்று தயாரிப்பாளர்களே விதி செய்ய வேண்டியதாயிற்று. சாவின் நிழலில் வாழ்வு தீவிரமாகும் என்ற வாக்குறுதி கடைசியில் ஒரு சிறு உடைமையாளனின் எச்சரிக்கையுணர்வில் போய் முடிகிறது.

அந்தச் சாவுதான் உண்மையில் மீளாததா? செத்தவன் கற்றது எதுவும் சாகவில்லை. மூன்று குச்சிகளை நம்பாதே என்பது எனக்குத் தெரியும். அடுத்த ஆட்டத்தின் முதல் நாளே புதியவனுக்கும் தெரியும். ஆனால் அதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருவர் பட்டதை இன்னொருவர் கேட்டு அறிந்து அடுத்தவருக்குச் சொல்வதுதான் மரபு. இங்கே மரபுக்கு இடமில்லை, மறுபிறவிக்கு மட்டுமே இடமுண்டு. அண்மைக் காலத்தில் சில நிலைகளில் உடலில் ஒரு குறையை ஏற்றுக்கொண்டு சாவிலிருந்து திரும்பும் வசதியையும் சேர்த்திருக்கிறார்கள். அப்போதும் திரும்பி வருகிறவன் தனியாகத்தான் வருகிறான்.

4

தனிமை என்பது இந்தப் பிரதியின் தற்செயலான அம்சமல்ல, அதன் அஸ்திவாரம். 'சர்வைவல்' பகுதியில் நான் சந்தித்த மனிதர்கள் எல்லாம் உறைந்த பிணங்கள். பிணத்தைக் கண்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சட்டைப்பையைத் துழாவுவது. புதைக்கவோ பெயர் கேட்கவோ முடியாது. பின்னால் வந்த விரிவாக்கத்தில் வானொலியில் ஒரு குரல் வருகிறது, அதுவும் பண்டமாற்றுக்கு.

நான் நடந்த நூறு நூறு மைல்களில், அந்த வடநிலங்களில் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வாழும் பூர்வகுடிகளின் உயிருள்ள ஒரு குடியிருப்பைக்கூடக் கண்டதில்லை. கற்பனைத் தீவுதானே என்று சமாதானம் சொல்லலாம். எதைக் கற்பனை செய்யவில்லை என்பதும் ஒரு அரசியல்தான். அமெரிக்கச் சூழல் வரலாற்றாசிரியர் வில்லியம் க்ரோனன் 1995இல் எழுதிய கட்டுரையொன்றில், மனிதன் தொடாத காடு என்ற கருத்தாக்கமே மனிதர்கள் உருவாக்கியது என்று வாதிட்டார். அங்கே வாழ்ந்தவர்களை வெளியேற்றிய பிறகே அது 'தொடப்படாத' காடாயிற்று. 1964இல் அமெரிக்கா இயற்றிய வனநிலச் சட்டம் மனிதனை அங்கே தங்காத வருகையாளனாகவே வரையறுக்கிறது. யாருக்கு அது வீடாக இருந்தது என்ற கேள்விக்கு அந்த வரையறையில் இடமே இல்லை.

விளையாட்டின் கடின நிலைகளில் ஒன்றுக்கு 'வயாஜர்' என்று பெயர். கனடாவின் ரோம வணிகக் காலத்தில் படகு வலித்த கூலித் தொழிலாளர்களின் பெயர் அது. அவர்களில் யாரும் தனியாகப் போகவில்லை. குழுவாக வலித்தார்கள். வழியைப் பூர்வகுடிகள் காட்டினார்கள். இறைச்சியும் கொழுப்பும் சேர்த்து இடித்த உணவை மேட்டி மக்கள் செய்து விற்றார்கள். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு கூட்டத்தை மட்டும் கழித்துவிட்டால் மிஞ்சுவது யார்? தனி வீரன்.

ஓநாய்களும் அப்படித்தான். இதில் அவை மனிதனைக் கண்டால் துரத்தும். வட அமெரிக்காவிலோ காட்டு ஓநாய்களால் மனிதர் இறப்பது அரிதிலும் அரிது. இந்த நூற்றாண்டில் பரவலாக அறியப்பட்டவை 2005இல் சஸ்காச்செவானில் ஒன்று, 2010இல் அலாஸ்காவில் ஒன்று. தனி வீரனுக்கு ஒரு எதிரி தேவைப்படுகிறது, வேறென்ன?

5

அந்த நீண்ட இருளுக்குள் உண்மையிலேயே தள்ளப்பட்டவர்கள் உண்டு. 1953இல் கனடா அரசு, கியூபெக்கின் வடக்கே ஹட்சன் விரிகுடாக் கரையிலிருக்கும் இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் குடும்பங்களைக் கப்பலேற்றி, சுமார் 2000 கிலோமீட்டர் தள்ளி ஆர்க்டிக் தீவுகளில் இறக்கியது. இன்றைய ரெசொலூட்டும் க்ரீஸ் ஃபியோர்டும் அப்படி உருவான ஊர்கள். வேட்டை நிறைய கிடைக்கும், பிடிக்காவிட்டால் இரண்டு வருடத்தில் திரும்பலாம் என்று சொல்லப்பட்டது. ஒரே இடத்தில் குடியேறப் போகிறோம் என்று நம்பி ஏறியவர்களைக் கப்பலில் வைத்துப் பிரித்தார்கள். முதல் குளிர்காலம் கூடாரத்தில் கழிந்தது. அவர்கள் ஊரில் பனிக்காலத்திலும் சூரியன் உதிக்கும், க்ரீஸ் ஃபியோர்டிலோ மூன்று மாதத்துக்கு மேல் உதிக்காது. திரும்பிப் போகக் கேட்டபோது வாக்குறுதி காற்றில் போயிற்று. அவர்களின் நலனுக்காகவே செய்தோம் என்றது அரசு. வடக்கின் மேல் இறையாண்மையை நிலைநாட்ட மனிதர்களைக் கொடிக்கம்பமாக நட்டார்கள் என்கிறார்கள் விமர்சகர்கள். 1996இல் இழப்பீட்டு நிதி வந்தது. மன்னிப்பு 2010இல்தான் வந்தது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் குடும்பங்களோடு இன்னும் வடக்கேயுள்ள பாண்ட் இன்லெட்டிலிருந்தும் சில குடும்பங்களை அரசு அனுப்பியது, இருளிலும் கடற்பனியிலும் வேட்டையாடப் புதியவர்களுக்குக் கற்றுத்தர. பேச்சு வழக்கும் பழக்கமும் வேறு வேறாயிருந்ததால் அதிலும் உரசல்கள் இருந்தன. ஆனாலும் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்காமல் அங்கே ஒரு குளிர்காலத்தைத் தாண்ட முடியாது என்பதை, அவர்களைக் கொண்டுபோய்த் தள்ளிய அரசேகூட அறிந்திருந்தது. விளையாட்டை வடிவமைத்தவர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை.

6

தமிழில் 'பிழை' என்றால் தவறு. 'பிழைத்தல்' என்றால் தவறு செய்வதும்தான், உயிர் தப்புவதும்தான். இரண்டும் ஒரே சொல்லில் எப்படி வந்தன என்பதை மொழியியலாளர்கள் சொல்லட்டும். எனக்கு அது தற்செயலாகப் படவில்லை. தவறு செய்யாதவன் எவனும் உயிர் தப்பியதில்லை. தவறு செய்தபோது பக்கத்தில் யாரோ இருந்ததால் தப்பினான். ஒருவன் குச்சி நமத்துப் போனால் அடுத்தவனிடம் நெருப்பு இருக்கும். மீளாச் சாவு பிழையைத் தடை செய்கிறது, அதனாலேயே பிழைத்தலையும் தடை செய்கிறது. மிஞ்சுவது கணக்கு.

நமது பாலைத்திணையும் ஆபத்தான காட்டு வழிதான். ஆனால் அதன் உரிப்பொருள் பிரிவு. சுரம் கடக்கிறவனின் ஆபத்துக்குப் பாரம் வருவது வீட்டில் ஒருத்தி நாளெண்ணிக்கொண்டிருப்பதால். வழியில் எயினர் இருக்கிறார்கள், ஆறலை கள்வர் இருக்கிறார்கள். வெற்று நிலம் என்று ஒன்று அந்தக் கவிதைகளில் இல்லை.

விளையாட்டு வடிவத்தால் இது முடியாது என்றும் சொல்ல மாட்டேன். 2014இலேயே வெளிவந்த 'நெவர் அலோன்', அலாஸ்காவின் குக் இன்லெட் பழங்குடி மன்றம் தன் சொந்த நிறுவனத்தின் வழியே முன்னின்று செய்தது. கதை இனுபியாட் மொழியில் சொல்லப்படுகிறது. பனிப்புயல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போகும் ஒரு சிறுமியும் வெள்ளை நரியும். ஒருவரில்லாமல் மற்றவர் ஒரு பள்ளத்தைத் தாண்ட முடியாது. விழுந்தால் கொஞ்சம் முன்னாலிருந்து மறுபடி தொடங்கலாம். ஆட்டமாகப் பார்த்தால் கரடுமுரடுதான். தனியாக ஆடும்போது நரி சில இடங்களில் முழிக்கும், எரிச்சலாக வரும். 'தி லாங் டார்க்' தரும் அந்தக் காற்றின் பயம் இதில் இல்லை. ஆனால் இதில் நான் யாருக்காகவோ பயந்தேன். அந்தப் பயமும் இந்த உறவும் சேர்ந்த ஒரு விளையாட்டை இனித்தான் யாராவது செய்ய வேண்டும். என் சாவை யாரோ கண்டெடுத்து, என் பிழையை யாரோ கற்று, அவர் அங்கிருந்து தொடரும்படியாக ஒன்று.

நண்பருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பனியில் விறகு பொறுக்கியதை நான் தவறாக நினைக்கவில்லை. தனியாகப் பொறுக்கினால்தான் வீரம் என்று 143 நாள் நம்பியதைத்தான் நினைத்துப் பார்க்கிறேன். அந்த நம்பிக்கை திரைக்குள் மட்டும் இருப்பதல்ல. ஊர் பற்றி எரியும்போது அவரவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே, அதுவும் இதே ஆட்டம்தான். மகள் கூப்பிட்ட அன்று சோறு ஆறிப் போயிருந்தது. அவள் சாப்பிடாமல் காத்திருந்தாள்.