கசாயமும் பக்கற்றும்

கல்முனையிலிருந்து கோமாரி வரை, தடிமன் காய்ச்சல் என்றால் முதலில் அடுப்பேறுவது கொத்தமல்லி. வேர்க்கொம்பு தட்டிப் போடுவார்கள். காய்ச்சல் விடாவிட்டால் மரமஞ்சள் துண்டும் சேரும். எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காக வற்றவேண்டும் என்பது பரிசாரிமார் கணக்கு. இப்போது பல வீடுகளில் அந்த இடத்தைச் சமஹன் போன்ற பக்கற்றுகள் பிடித்துவிட்டன. சுடுதண்ணீர் ஊற்றிக் கலக்கினால் வேலை முடிந்தது.

இதைக் கலிகாலம் என்று சபிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கசாயத்துக்கும் குறையுண்டு. திறந்த சட்டியில் கொதிக்கக் கொதிக்கக் கொத்தமல்லியின் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும். வீடு மணக்கும், கோப்பையில் இருக்காது. இன்று காய்ச்சியதும் நாளை காய்ச்சுவதும் ஒரே வலுவில் இரா. தொழிற்சாலையோ அந்த எண்ணெயை நீராவியால் தனியே வடித்தெடுக்கலாம். சாற்றை அழுத்தம் குறைத்த கலனில் தாழ்ந்த சூட்டில் வற்றவைக்கலாம். பிறகு வெப்பக்காற்றில் தூவித் தூளாக்கி, வாசனையைக் கடைசியில் சேர்க்கலாம். தூள் ஒட்டாமலிருக்க மோல்ட்டோடெக்ஸ்ட்ரின், கசப்புக்குச் சீனி என்று சில சேர்மானங்களும் வரும். நீரிழிவுக்காரர் பக்கற்றின் பின்பக்கத்தை வாசிப்பது நல்லது.

உண்மையான பலவீனம் கலனில் இல்லை, சாக்கில் இருக்கிறது. சரக்குக் கடையில் மரமஞ்சள் தடியை வாங்கும்போது வெட்டுமுகத்தைப் பார்க்கலாம்: மஞ்சள் நிறம், நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்போல் விரியும் கோடுகள். தூளான பிறகு அந்தச் சாட்சி போய்விடும். தமிழ்நாட்டில் பெர்பெரிஸ் இனச் செடியும் மரமஞ்சள் என்றே புழங்குகிறது. இரண்டிலும் பெர்பெரின் உண்டு. அந்த ஒரு பொருளின் அளவை மட்டும் பார்க்கும் சோதனை இரண்டையும் பிரித்தறியாது. தரச்சான்றில் எண் சரியாயிருக்கும், செடி வேறாயிருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் மெலிவதற்கான மருந்தில் ஸ்டெபானியா வேருக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா சேர்ந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் கெட்டது. ஆலை ஒழுங்காக ஓடியிருந்தாலும் அவர்களைக் காப்பாற்றியிராது. ஆகவே செடியை அடையாளம் காணும் வேலை, அரைப்பதற்கு முன்பே, சாக்கு வந்திறங்கும் இடத்தில் நடக்கவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மரமஞ்சள் ஈரவலயக் காட்டுக்கொடி, மெல்ல வளர்வது, தண்டையே வெட்டியெடுக்க வேண்டியது. பரிசாரிக்கு ஒரு துண்டு போதும், ஆலைக்குச் சாக்குக் கணக்கில் வேண்டும். நட்டு வளர்த்ததா, காட்டில் வெட்டியதா என்பதையும் சேர்மானப் பட்டியலோடு அச்சிடச் சட்டம் கேட்கலாம். மூலிகைப் படத்துக்குப் பக்கற்றில் ஒதுக்கும் இடமே அதற்குத் தாராளம்.