திருந்தியவன் திரும்பி வரும் ஊர்

எட்டு, ஒன்பது வருஷமாகச் சிறுகதைப் போட்டிகளுக்கு நடுவராகப் போய் வருகிறேன். பாடசாலை மட்டம், வலய மட்டம், கண்டிப் பகுதிச் சங்கங்கள் நடத்துபவை என்று வருஷத்துக்கு நூறு கதைக்குக் குறையாமல் கையில் வரும். அவற்றில் போதைப்பொருள் பற்றிய கதைகள் இப்போது கணிசமானவை. ஒரு காலத்தில் சீதனக் கதைகள் இருந்த இடத்தை இவை பிடித்துக்கொண்டன.

அந்தக் கதை எப்படி இருக்கும் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நல்ல குடும்பம். தஹஜ்ஜுத் தொழுகிற உம்மா. கட்டாரிலோ சவூதியிலோ உழைக்கிற வாப்பா. படிப்பில் கெட்டிக்காரனான மகன். மூன்றாம் பந்தியில் ஒரு 'கெட்ட சகவாசம்' வரும். ஐந்தாம் பந்தியில் உம்மாவின் காப்பு காணாமற் போகும். முடிவு இரண்டில் ஒன்று: ஜனாஸா, இல்லாவிட்டால் தௌபா. தௌபா என்றால் சுபஹு பாங்கு கட்டாயம் கேட்கும்.

எழுதுகிற பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பெரியவர்கள் எழுதியதைப் படித்தும், பயானில் கேட்டதை வைத்தும் அவர்கள் எழுதுகிறார்கள். பெரியவர்களின் தொகுதிகளிலும் அச்சு இதேதான். வசனம் மட்டும் கொஞ்சம் திருத்தமாக இருக்கும். எனக்குள்ள கேள்வி வேறு. இந்தக் கதைகளில் ஊர் எங்கே?

அந்தக் கெட்ட நண்பனையே எடுத்துக்கொள்வோம். அவனுக்குப் பெயர் இருக்காது. வீடு இருக்காது. அவனுக்கும் ஓர் உம்மா இருப்பாள் என்று ஒரு கதையாவது நினைப்பதில்லை. அவள் வீட்டில் இதே கதையை எழுதச் சொன்னால் நம்முடைய கதாநாயகன்தான் அங்கே கெட்ட நண்பனாக வருவான். இரண்டு உம்மாமாரும் ஒரே லேனில், ஒரே குழாயடியில் நின்றுகொண்டு, மற்றவளின் மகனால் தன் மகன் கெட்டான் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். இது கற்பனை இல்லை. இப்படிப்பட்ட இரண்டு பேரோடும் ஒரே கிழமைக்குள் பேசியிருக்கிறேன். "என்ன செய்ற டீச்சர், எங்கட பரம்பரையில ஒத்தரும் இப்பிடி இல்ல" என்று இரண்டு பேரும் சொன்னார்கள், ஏறக்குறைய அதே சொற்களில்.

பரம்பரை என்ற இந்தச் சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். நம்முடைய நாவலே அதில்தான் தொடங்குகிறது.

கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அஸன்பேயுடைய கதை'யை ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று பலரும் கொள்கிறோம். எகிப்திலே உயர்குடியில் பிறந்த குழந்தை திருட்டுப் போகிறது. பம்பாயில் பிறர் கையில் வளர்கிறது. பையன் வளர்ந்து கல்கத்தாவுக்குப் போகிறான். அங்கே ஆதரவு கிடைக்கிறது, படிக்கிறான். கடைசியில் எகிப்துக்குத் திரும்பி, பெற்றோரை அடைந்து, 'பே' என்ற பட்டமும் பெறுகிறான். பெற்றோர் யாரென்று தெரியாமல் வளர்ந்தும் அவன் நல்லவனாகவே இருக்கிறான். ரத்தம் பேசுகிறது என்று வாசித்தால் வாசிக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் வாசித்திருக்கிறோம்.

ஆறு வருஷம் கழித்து, 1891இல், இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' வருகிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த பழங்கதை அது. இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன் அரண்மனையில் வளர, மற்றவன் காட்டில் கரடியிடம் வளர்ந்து காட்டு மனிதனாகிறான். ஒரே வயிறு, ஒரே ரத்தம். வளர்ந்த இடம் வேறு. ஈழத்துத் தமிழ் நாவலின் முதல் இரண்டு அடியும் இந்த ஒரே கேள்வியில் பதிந்திருப்பதை நமது இலக்கிய வரலாறுகள் போதியளவு கவனித்ததாக எனக்குத் தெரியவில்லை. எது முதல் நாவல் என்ற சண்டையிலேயே காலம் போய்விட்டது.

அஸன் கதைக்குத் திரும்புவோம். ரத்தம்தான் எல்லாம் என்றால் அவன் பம்பாயிலேயே இருந்திருக்கலாம். நாவல் அவனை இருக்க விடவில்லை. ஊர் மாற்றுகிறது, படிப்பிக்கிறது, கைகொடுக்க ஆளை வைக்கிறது. கதையில் ரத்தத்தின் பெருமையை ஒரு கையால் எழுதியவர், வாழ்க்கையில் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கினார். 1884இல் கொழும்பில் முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்தார். கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வைத்தார். எகிப்திலிருந்து 1883இல் நாடு கடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவை அந்தக் கல்வி வேலையில் சேர்த்துக்கொண்டார். (பாஷா பிறகு கண்டியிலும் வாழ்ந்தார், அந்த வீடு ஹல்லொலுவ வீதியில் இன்று நூதனசாலை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம், பலர் போவதில்லை.) பரம்பரையை நம்பிய மனிதர் பள்ளிக்கூடம் கட்ட மாட்டார். சித்திலெப்பையின் நாவலை அவருடைய பள்ளிக்கூடங்களோடு சேர்த்து வாசித்தால்தான் அஸனுடைய பிரயாணம் விளங்கும்.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. தொல்காப்பியப் பொருளதிகாரம் படித்த எவருக்கும் தெரியும், 'திணை' என்ற சொல்லுக்கு உரைகாரர் சொல்லும் பொருள் ஒழுக்கம். அந்த ஒழுக்கத்தைச் சொல்ல வருகிற நூல் முதற்பொருள் என்று வைப்பது நிலத்தையும் பொழுதையும். மனிதன் பிறகு வருகிறான். சிற்றினம் சேராமை அதிகாரத்தில் வள்ளுவர், ஒருவனுடைய அறிவு அவன் சேர்ந்த இனத்தால் திரிவதை மண்ணால் திரியும் நீருக்கு ஒப்பிட்டார். நாம் அதை 'கூடாத கூட்டத்தில் சேராதே' என்று பொடியனுக்குப் புத்தி சொல்ல மட்டும் பயன்படுத்துகிறோம். மண்ணைப் பற்றி அந்த உவமை சொல்வதை விட்டுவிடுகிறோம்.

நூறு கொலை செய்த மனிதனின் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. சின்ன வயதிலேயே எல்லோரும் கேட்டிருப்போம். தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்றவன் தனக்கு மன்னிப்பு உண்டா என்று கேட்க, இல்லை என்ற துறவியையும் கொன்று நூறாக்குகிறான். பிறகு ஓர் அறிஞரிடம் போகிறான். அவர் தௌபாவின் கதவு திறந்திருக்கிறது என்று சொல்கிறார். அதோடு நிறுத்தவில்லை. உன் ஊர் கெட்ட ஊர், அங்கே திரும்பாதே, அல்லாஹ்வை வணங்கும் மனிதர் இருக்கும் இன்ன ஊருக்குப் போ என்கிறார். அவன் வழியிலேயே மௌத்தாகிறான். மலக்குமார் இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை அளக்கிறார்கள்.

தௌபாவில் முடியும் நம்முடைய கதைகள் அந்த அறிஞரின் பேச்சில் முதல் பாதியை மட்டும் எடுத்தவை. இரண்டாம் பாதி ஊரைப் பற்றியது. அதை எழுதினால் ஊர் கோபிக்கும்.

சூழலில் பாரத்தைப் போட்டால் தனிமனிதப் பொறுப்பு போய்விடாதா என்று ஒரு மௌலவி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த மனிதன் நடந்தான் என்பதுதான் என் பதில். நடந்தது அவனுடைய பொறுப்பு. போய்ச் சேர ஓர் ஊர் இருந்தது, அது அவனுடைய கையில் இல்லாதது.

இந்த விஷயத்தில் உலகம் அறிந்த ஒரு சான்று உண்டு. வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஹெரோயினையோ அபினையோ தொட்டுப் பார்த்தவர்கள். ஐந்தில் ஒருவர் அளவில் அடிமையாகியிருந்தார்கள். 1971இல் நாடு திரும்பியவர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர் லீ ரொபின்ஸ் என்ற பெண்மணி. அங்கே அடிமையாக இருந்தவர்களில் முதல் வருஷத்துக்குள் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேரளவில்தான். பெரும்பாலானோர் சிகிச்சைக்கும் போகவில்லை. சாமான் அதே சாமான். மாறியது இடமும் மனிதரும். கனடாவில் புரூஸ் அலெக்ஸாண்டர் 1970களின் இறுதியில் எலிகளை வைத்துச் செய்த பரிசோதனையைப் பலர் மேடையில் சொல்கிறார்கள்: தனிக் கூட்டில் அடைத்த எலி மோர்பீனை விரும்பிக் குடித்தது, விசாலமான இடத்தில் கூட்டமாக வாழ்ந்த எலி அவ்வளவாகக் குடிக்கவில்லை. அதைத் திரும்பச் செய்தவர்களுக்கு எப்போதும் அதே முடிவு கிடைக்கவில்லை. ஆகவே நான் எலியை விட்டுச் சிப்பாயோடு நிற்கிறேன்.

சிப்பாயிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவனுக்கு வீடு என்பது வியட்நாம் இல்லாத இடம். எங்கட பொடியனுக்கு வீடு இருக்கிற இடம்தான் வியட்நாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984இலிருந்து இருக்கிறது. நீதவான் கட்டளையோடு கட்டாயப் புனர்வாழ்வுக்கு அனுப்ப 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2022 ஜூனில் கந்தகாடு நிலையத்தில் மோதல் ஏற்பட்டுப் பலர் தப்பியோடியதையும், 2023 டிசம்பரில் 'யுக்திய' என்று ஆயிரக்கணக்கில் பிடித்ததையும் பத்திரிகையில் படித்தோம். எல்லாம் பொடியனை எடுத்துக்கொண்டு போவதைப் பற்றிய செய்திகள். உடம்பு நோவும் வாந்தியும் ஒரு கிழமை, பத்து நாளில் அடங்கிவிடும். பிறகு அவன் பஸ்ஸிலிருந்து இறங்குகிற இடம் எது?

கண்டியைத் தெரிந்தவர்களுக்கு அந்த இடத்தைச் சொன்னால் விளங்கும். நகரைச் சுற்றி மலைச்சரிவில் ஏறுகிற எங்கள் லேன்களில் ஒரு வீட்டின் கூரை அடுத்த வீட்டின் வாசலுக்குச் சமம். பந்தடிக்க இடமில்லை. வீட்டுக்குள் இரண்டு அறை; தங்கச்சிமார் வயதுக்கு வந்தபிறகு பொடியன் உள்ளே இருக்கக் கூசுகிறான். சமதரை என்று இருப்பது கீழே லேன் வாய், த்ரீவீல் நிற்கும் சந்தி. பொடியன்மார் அங்கே நிற்பது கெட்டுப்போக அல்ல, நிற்க வேறு தரை இல்லாததால். சாமான் விற்கிறவனுக்கும் அது தெரியும்.

பிள்ளை வளர்ப்பு பற்றி நடக்கும் கருத்தரங்குகளில் உம்மாமாரைப் பார்த்து 'உங்கள் தெரிவு' என்று பேசுகிறார்கள். வாப்பாவை வெளிநாட்டுக்கு அனுப்பியது, கையில் போனைக் கொடுத்தது, டியூஷனை நிறுத்தியது எல்லாம் தெரிவாம். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கம் எரிந்த பிறகு, எங்கள் வகுப்புப் பிள்ளைகள் சிலரின் உம்மாமார் மகனை டவுனில் மாலை வகுப்புக்கு விடவில்லை. "கண்ணுக்கு முன்னுக்கு ஈக்கட்டும்" என்றார்கள். கண்ணுக்கு முன்னே என்றால் லேன் வாய். அந்த உம்மாவுக்குக் கையிலிருந்தது பயங்கள் இரண்டு. அவற்றில் சின்னதாகத் தெரிந்ததை எடுத்தாள். அதில் ஒருத்தியின் மகன் என்னிடம் படித்தவன், கம்பராமாயணப் பாட்டை ராகத்தோடு ஒப்புவிப்பவன். இரண்டு தரம் புனர்வாழ்வுக்குப் போய் வந்துவிட்டான்.

இவ்வளவும் தெரிந்த நான் செய்த ஒரு வேலையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது.

சில வருஷத்துக்கு முன் ஒரு போட்டிக்கு உயர்தர மாணவியின் கதை வந்தது. நானா ஆறு மாசம் கழித்து வீட்டுக்கு வருகிறான். முதல் ஏழு நாள்தான் கதை. சலூனில் பேச்சு நின்றுபோகிறது. வேலை தருவதாகச் சொன்ன கடைக்காரர் பெருநாள் கழியட்டும் என்கிறார். தங்கச்சிக்கு வந்த பேச்சு தள்ளிப்போகிறது. உம்மா அலுமாரிச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். இரவில் தண்ணீர் குடிக்க எழும்பியவன் அதைப் பார்க்கிறான், ஒன்றும் சொல்லவில்லை. சந்தியில் 'சாப்பிட்டியா மச்சான்' என்று கேட்கிற ஒரே ஆள் பழைய ஆள். கடைசியில் மஃரிப் நேரம் அவன் செருப்பைப் போடுகிறான். மேலே பள்ளி, கீழே சந்தி. கதை அங்கே நிற்கிறது.

தமிழ்ச் சிறப்புப் பட்டம் பெற்ற நான் அந்தக் கதைக்கு என்ன செய்தேன் தெரியுமா? புள்ளித்தாளில் 'படிப்பினை' என்ற நிரலுக்கு இருபது புள்ளி இருந்தது. நான்கு போட்டேன். மற்ற இரண்டு நடுவர்களும் முடிவில்லை என்றார்கள். தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தேன். முதலிடம் சுபஹு பாங்கோடு முடிந்த கதைக்குப் போனது.

இந்தக் கட்டுரைக்காக அந்தப் பிள்ளையைத் தேடிப்பிடித்தேன். இப்போது ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். கதையைத் தாருங்கள், இந்த இதழுக்கு அனுப்புவோம் என்றேன். கொப்பி இருக்கிறதாம்.

"தாரேன் டீச்சர். அந்தச் சாவி விஷயத்த மட்டும் எடுத்துட்டுத் தாரேன். உம்மா வாசிப்பாங்க."

கதையின் உயிரே அதுதான் என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்ல முடியவில்லை. சரி மகள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.